சின்னக் குழந்தையோடு லண்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தையோடு ஒரு வாரம், பத்து நாள் லண்டனுக்குப் போகத் திட்டமிடும் அப்பா அம்மாக்களுக்காக எழுதியது இது. நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வயதுக் குழந்தைக்கு லண்டனில் என்ன புரியும்? கொஞ்சம் வளர்ந்தபிறகு போகக் கூடாதா?

தாராளமாக அப்போதும் போகலாம். ஆனால் சின்னக் குழந்தையோடு போகத் தகுந்த பெருநகரம் எது என்று கேட்டால் நான் லண்டனைத்தான் சொல்வேன். அங்கே பெரிய அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நபருக்கு முப்பது பவுண்டு கொடுத்து உள்ளே போயிருந்தால், குழந்தை அழுதாலும் இழுத்துக்கொண்டு எல்லா அறையையும் பார்க்கத்தான் தோன்றும். இலவசம் என்றால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், நாளை மறுபடியும் போகலாம். பூங்காக்களும் அப்படித்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேருந்தும் ரயிலும்கூட இலவசம். குழந்தைக்குச் சலித்ததும் கிளம்பிவிட முடிகிற ஊர் அது.

அதனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். காலையில் ஓர் இடம், மதியம் தூக்கம், மாலையில் பக்கத்துப் பூங்கா. பட்டியல் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுவது தாத்தா பாட்டியோடு போகும்போதே கஷ்டம். குழந்தையோடு அது வேண்டவே வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு மே மாதம் இயல்பாகவே பொருந்தும்: பூக்கள் இருக்கும், வெளிச்சம் இரவு எட்டரைக்கு மேலும் இருக்கும், அங்குள்ள பள்ளிகளும் மாதக் கடைசிவரை நடக்கும் என்பதால் கூட்டம் குறைவு. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க அவர்களுக்குப் பெரிய விடுமுறை. அருங்காட்சியக வாசலில் வரிசை நீளும், அறை வாடகையும் ஏறும்.

டிசம்பரில் அலங்கார விளக்குகள் அழகுதான். ஆனால் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். குழந்தை மதியத் தூக்கம் முடிந்து எழும்போது பகல் போயிருக்கும்.

குழந்தைக்கும் தனி விசா வேண்டுமா?

வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை, புகைப்படம் மட்டும் எடுப்பார்கள். ஆனாலும் விசா மையத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகத்தான் வேண்டும்.

அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போவதானால் மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் குழந்தையின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அங்குள்ள குடியேற்ற அதிகாரிக்கு அது சட்டென்று விளங்காது. சான்றிதழைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

விமானத்தில் எப்படிச் சமாளிப்பது? நேரடி விமானமா, இடையில் இறங்கிப் போவதா?

சென்னையிலிருந்து நேரடியாகப் போனால் சுமார் 10, 11 மணி நேரம். துபாய், தோஹா வழியாகப் போனால் நான்கு மணி நேரம், இறங்கி ஏறுவது, பிறகு ஏழு மணி நேரம். கைக்குழந்தை என்றால் நேரடி விமானம்தான். தூங்கும் குழந்தையை நடுராத்திரி எழுப்பி இன்னொரு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிறுத்துவது கொடுமை. நடந்து ஓடும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இடையில் இரண்டு மணி நேரம் ஓட இடம் கிடைப்பது நல்லதாகவே முடியும்.

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம், கட்டணமும் சிறிதுதான். ஆனால் பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிகிறதென்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே பிறந்த தேதியைப் பாருங்கள். முன்வரிசைத் தொட்டில் எல்லா இடத்திலும் இருக்காது, எடைக்கும் வரம்பு உண்டு. டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்திடம் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

எலிசபெத் லைன். 2022-இல் திறந்த ரயில் பாதை அது. அதன் 41 நிலையங்களிலும் படி ஏறாமல் தெருவிலிருந்து நடைமேடைவரை போகலாம். நடு லண்டனின் பேடிங்டன் நிலையத்துக்கு அரை மணி நேரம். பழைய பிக்காடில்லி லைன் மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் ஆகும், பெட்டியும் ஸ்ட்ரோலரும் வைக்க இடம் குறைவு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பேடிங்டனுக்கு 15 நிமிடத்தில் போய்விடும். அந்தப் பதினைந்து நிமிடச் சேமிப்புக்குக் கொடுக்கும் பணம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

குடியேற்றச் சோதனை வரிசை நீளமாக இருக்கலாம். கைப்பையில் பிஸ்கட், தண்ணீர், மாற்றுடை இருக்கட்டும். ஸ்ட்ரோலரை விமான வாசலில் கொடுத்திருந்தாலும் சில சமயம் அது பெட்டிகளோடுதான் வரும். ஹீத்ரோவில் நடை தூரம் அதிகம் என்பதால் கைக்குழந்தைக்காரர்கள் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பையை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே தங்கலாம்?

சுற்றுலா இடத்துக்கு அருகில் என்பதைவிட, மின்தூக்கி உள்ள ரயில் நிலையத்துக்கு அருகில் என்று தேடுங்கள். பேடிங்டன், கிங்ஸ் கிராஸ் இரண்டும் நல்ல தேர்வுகள். கொஞ்சம் தள்ளி ஸ்ட்ராட்ஃபோர்டில் அறை பெரியதாகக் கிடைக்கும், ரயில் வசதியும் குறையில்லை. லண்டனின் பழைய வீட்டுத் தங்குவிடுதிகளில் மின்தூக்கி இல்லாமல் செங்குத்தான மாடிப்படி மட்டும் இருப்பது சகஜம். முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

அறையில் மைக்ரோவேவும் குட்டி ஃபிரிட்ஜும் இருந்தால் பாதி கவலை போய்விடும். சமையலறையோடு கூடிய சிறு அடுக்ககம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரீமியர் இன் போன்ற விடுதிகளில் குடும்ப அறை உண்டு. காசு கொடுத்துக் காலை உணவு சாப்பிடும் ஒரு பெரியவரோடு இரண்டு குழந்தைகள் அங்கே இலவசமாகச் சாப்பிடலாம். சுவர்ப் பிளக் நம்முடையதைப் போல் உருண்டை முள் அல்ல, தட்டையான மூன்று முள். பிளக் மாற்றி (அடாப்டர்) ஒன்று போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹேரோவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே தங்கலாமே?

குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடும் விளையாட ஆளும் கிடைக்கும், அதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஹேரோ, ஈஸ்ட் ஹாம், க்ராய்டன் எல்லாம் ஊரின் ஓரம். நடு லண்டனுக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்ப முடியாது. பயணத்தில் பாதி நாட்கள் சொந்தக்காரர் வீட்டிலும் மீதி நாட்கள் நகரத்துக்குள்ளும் தங்குவது எல்லோருக்கும் வசதி, அவர்களுக்கும்தான்.

ஸ்ட்ரோலர் எடுத்துப் போகலாமா? சுரங்க ரயிலில் ஏற முடியுமா?

ஐந்து வயதுக் குழந்தைக்கும் எடுத்துப் போங்கள் என்றே சொல்வேன். சென்னையில் ஸ்ட்ரோலரையே தொடாத குழந்தை அங்கே ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். ஒரு கையால் மடிக்கக்கூடிய, எடை குறைந்த வண்டியாக இருக்கட்டும். மழை உறை கட்டாயம்.

சுரங்க ரயிலின் முதல் பாதை 1863-இல் திறந்தது. அவ்வளவு பழைய அமைப்பு என்பதால் 272 நிலையங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் படியில்லாமல் நடைமேடைவரை போக முடியும். ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்கள்தான் உங்களுக்கான நிலையங்கள். நீலக் குறி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படியே இல்லை. வெள்ளைக் குறி என்றால் நடைமேடைவரை படியில்லை, ரயிலில் ஏறும்போது ஓர் இடைவெளியோ உயரமோ இருக்கலாம். எஸ்கலேட்டரில் வண்டியை மடித்து, குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் அவசரமாக ஏறிப் போகிறவர்களுக்கு.

காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைவரையும் மாலை ஐந்தைச் சுற்றியும் சுரங்க ரயில் பக்கமே போகாதீர்கள். நம் ஊர் மின்சார ரயில் நெரிசல் பழகியவர்களுக்கும் அந்த நேரத்தில் ஸ்ட்ரோலரோடு ஏறுவது பெரும்பாடு.

அப்படியென்றால் பேருந்தா?

ஆமாம். குழந்தையோடு லண்டனில் பேருந்துதான் முதல் தேர்வு. எல்லாப் பேருந்தும் தாழ்தளம், ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம், நடுவில் அதற்கென்று இடம் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்கு, நாம் வண்டியை மடித்துவிட வேண்டும்.

மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன்வரிசை காலியாக இருந்தால் குழந்தைக்கு அதற்கு மேல் எந்தச் சுற்றுலாவும் தேவையில்லை. 15-ஆம் எண் பேருந்து டவர் ஆஃப் லண்டன், செயின்ட் பால் தேவாலயம், டிரஃபால்கர் சதுக்கம் எல்லாவற்றையும் காட்டிவிடும். சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் பெரிய தொகை மிச்சம். மேலே போவதானால் ஸ்ட்ரோலரை மடித்துக் கீழே வைத்துவிட்டு, பேருந்து நிற்கும்போதே ஏறி இறங்குங்கள்.

பேருந்தில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டையையோ ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டையையோ தொட்டுக் காட்ட வேண்டும். பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைக் காட்ட முடியாது. முதல் பேருந்தில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்தில் ஏறினால் மறுபடி கட்டணம் இல்லை. நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே திறந்துவிட வேண்டும்.

நேர மாற்றத்தால் குழந்தை தூங்காதே?

மாலை ஆறு மணிக்குச் சுருண்டு படுக்கும், அதிகாலை மூன்றரைக்கு எழுந்து விளையாடக் கூப்பிடும். கோடையில் நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் நான்கரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. முதல் இரண்டு மூன்று நாள் அதோடு சண்டை போட வேண்டாம். ஹைட் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் இரண்டும் காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கும். ஆறு மணிக்கு அங்கே வாத்துகளும் அன்னங்களும் ஓடப் பயிற்சி செய்கிறவர்களும் மட்டும்தான். ஊரே உங்களுடையது போல இருக்கும்.

ஜூனில் சிக்கல் வேறு மாதிரி. இரவு ஒன்பதேகால்வரை சூரியன் இருக்கும், காலை ஐந்துக்கு முன்பே வந்துவிடும். கனத்த திரைச்சீலை உள்ள அறையாகப் பாருங்கள்.

சாப்பாடு? என் மகன் தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டான்.

கவலையே வேண்டாம். லண்டனில் எந்தத் தெருமுனை சூப்பர்மார்க்கெட்டிலும் இரண்டு நிமிடம் மைக்ரோவேவில் சூடாக்கும் சாதப் பொட்டலமும் சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரும் கிடைக்கும். கரண்டியால் மசித்துக் கொஞ்சம் உப்பு போட்டால் தயிர்சாதம் தயார். டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ் ஆகியவற்றின் சிறு கடைகள் பெரும்பாலும் இரவு பதினொன்றுவரை இருக்கும். பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது அங்குள்ள சட்டம், மாலையில் மூடிவிடுவார்கள்.

வீட்டிலிருந்து இட்லிப் பொடி, வறுத்த அவல், சத்துமாவு கொண்டு போங்கள். பால் பொருட்களைக் கொண்டு போகாதீர்கள்: நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எதற்கும் இந்தியாவிலிருந்து அனுமதி இல்லை. குழந்தைக்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு. நபருக்கு 2 கிலோவரை, கடையில் விற்கும் பிரிக்காத உறையில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் டப்பா மட்டும் திறந்திருக்கலாம்.

தோசை வேண்டும் என்று அடம்பிடித்தால் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி மூன்று இடத்திலும் தமிழ்க் கடைகள் வரிசையாக உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரம்மண்ட் தெரு இருக்கிறது, சைவ இந்திய உணவகங்களுக்குப் பேர்போன தெரு. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

எந்த அருங்காட்சியகம்?

சவுத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் முதலில். 1881-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் 25 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தலைக்கு மேல் தொங்குகிறது. ஹோப் என்று பெயர். அதற்கு முன் அங்கே நின்ற டிப்பி என்ற டைனோசர் வார்ப்பு 2017-இல் இடம் விட்டது. டைனோசர் பகுதியில் தலையை ஆட்டி உறுமும் டி-ரெக்ஸ் உண்டு. சில குழந்தைகள் குதூகலிக்கும், சில குழந்தைகள் அலறும். பயப்படும் குழந்தையை அங்கே கூட்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2024-இல் திறந்த வெளித்தோட்டத்தில் அமைதியாக ஒரு வெண்கல டைனோசர் நிற்கிறது, அதைப் பார்த்தாலே போதும். இலவசம் என்றாலும் நேரச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். எக்ஸிபிஷன் ரோடு வாசல் வழியாகப் போனால் படி இல்லை.

அடுத்த கட்டடமே அறிவியல் அருங்காட்சியகம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

எனக்கு இவை இரண்டையும்விட மனதுக்கு நெருக்கமானது பெத்னல் கிரீனில் இருக்கும் யங் வி அண்ட் ஏ. முழுக்கக் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்து 2023-இல் திறந்தார்கள், மறு ஆண்டே பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியக விருது அதற்குக் கிடைத்தது. தவழும் குழந்தைக்கும் தனி இடம் உண்டு. தொடாதே என்று குழந்தையைக் கண்டிக்க வேண்டிய வேலை அங்கே குறைவு. சுற்றுலாப் பட்டியல்களில் இது பின்னால்தான் வரும், நீங்கள் முன்னால் வையுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியம் பெரியவர்களுக்கு அற்புதம். அப்பா ஒரு நாள், அம்மா ஒரு நாள் என்று தனியாகப் போய் வரலாம்.

வெளியே விளையாட?

ரஸ்ஸல் ஸ்கொயர் அருகில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று 7 ஏக்கர் விளையாட்டு மைதானம் இருக்கிறது. குழந்தை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே வர முடியாது என்பது அதன் விதி. கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு மூத்த குழந்தையை ஓடவிட இதைவிட நிம்மதியான இடம் நடு லண்டனில் இல்லை.

ஒரு நாள் முழுவதும் ஒதுக்குவதானால் கிழக்கு லண்டன் பக்கம் ஓடும் டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலில் ஏறுங்கள். அதில் ஓட்டுநர் கிடையாது, முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையே ஓட்டலாம். மட்ஷூட்டில் இறங்கினால் 32 ஏக்கர் பண்ணை, கட்டணம் இல்லை. ஆடுகளுக்குப் பின்னால் கேனரி வார்ஃபின் வானுயரக் கட்டடங்கள் தெரியும். அதே ரயிலில் கிரீனிச் போய், கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பார்த்துவிட்டு, படகில் திரும்பலாம்.

பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றம் பார்க்க வேண்டாமா?

குழந்தையோடு வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றாலும் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் குழந்தைக்குத் தெரியும். அதற்குப் பதில் ஹார்ஸ் கார்ட்ஸ் என்ற குதிரைக் காவல் வாசலுக்குப் போங்கள். பகலில் குதிரை மேல் காவலர்கள் அசையாமல் நிற்பார்கள். குதிரை கடிக்கும், உதைக்கும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், எட்டியே நில்லுங்கள். அங்கிருந்து நடந்தால் செயின்ட் ஜேம்ஸ் பார்க். 1664-இல் ரஷ்யத் தூதர் பரிசளித்த காலத்திலிருந்து அங்கே கூழைக்கடாக்கள் வசிக்கின்றன.

டயப்பர் மாற்ற, பால் கொடுக்க?

பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ போன்ற பெரிய ரயில் நிலையங்களில் கழிப்பறை இலவசம், டயப்பர் மாற்றும் பலகையும் உண்டு. சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலும் கழிப்பறையே இருக்காது. டயப்பர் விட்டுப் பழகும் வயதுக் குழந்தை என்றால் அருங்காட்சியகத்தை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள்.

2010-இன் சமத்துவச் சட்டப்படி உணவகத்திலோ பேருந்திலோ தாய்ப்பால் கொடுக்கும் தாயை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது. தயங்காமல் கொடுங்கள்.

காய்ச்சல் வந்தால்?

நம் ஊரில் மருந்துக் கடைக்காரரே ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்துவிடுவார். அங்கே பெரும்பாலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் முன்பே பேசி, அவர் சொல்லும் மருந்துகளைச் சீட்டோடு கொண்டு போங்கள், குழந்தையின் இப்போதைய எடைக்கு எவ்வளவு மில்லி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் சிரப் அங்கே கால்பால் என்ற பெயரில் எங்கும் கிடைக்கும்.

என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அங்குள்ள மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு வெளிநாட்டவரிடமும் பணம் வாங்குவதில்லை. ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் உண்டு, அது மிகப் பெரிய தொகை. குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

டாக்ஸியில் குழந்தை இருக்கை கட்டாயமா?

வாடகைக் காரை நீங்களே ஓட்டினால் கட்டாயம்: 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. டாக்ஸியில் இருக்கை இல்லாவிட்டால் குழந்தை பின்னால் உட்காரலாம் என்று சட்டம் விட்டுவைத்திருக்கிறது. சட்டம் விட்டாலும், தூரப் பயணத்துக்கு இருக்கையோடு வரும் வண்டியை முன்பதிவு செய்வதுதான் சரி. கறுப்பு டாக்ஸியில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே உருட்டி ஏற்றலாம்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

காலையில் கிளம்பும்போதே குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்று போட்ட சட்டை அதில் தெரியும். அங்கே வேலை செய்யும் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு மணிக்கட்டுப் பட்டையில் எழுதுங்கள். ரயிலில் குழந்தை ஏறி நீங்கள் நடைமேடையில் நின்றுவிட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும் என்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நீங்கள் உடனே நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்கள் அடுத்த நிலையத்துக்குத் தகவல் கொடுப்பார்கள். தெருவோரம் நின்று கைபேசியில் வழி பார்க்காதீர்கள். சைக்கிளில் வந்து பறித்துப் போவது அங்கே அடிக்கடி நடக்கிறது.

நாள் முழுக்க மழை பெய்தால்?

நாள் முழுக்க அரிதாகத்தான் பெய்யும், அரை மணி தூறும், நிற்கும், மறுபடி தூறும். குடையைவிடத் தலைமூடியுள்ள மழைச்சட்டை நல்லது, ஸ்ட்ரோலர் தள்ளக் கை வேண்டுமே. நிற்காமல் பெய்தால் காலையில் யங் வி அண்ட் ஏ, மாலையில் கோவென்ட் கார்டனில் இருக்கும் போக்குவரத்து அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு மட்டும்தான் அங்கே கட்டணம். பழைய பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த குழந்தை எழுந்திருக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.